விரல் மடங்காத மழைக்காலம்

புனேவின் தாபோடியில் நாங்கள் குடியிருந்த சாலில் மனிதர்களைவிடத் தண்ணீர் டிரம்களுக்கு மரியாதை அதிகம். சால் என்றால் ஒரே தகரக் கூரையின் கீழ் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் ஒற்றை அறை வீடுகளின் வரிசை. ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் தரையில் பாய் விரித்துக்கொள்ள வேண்டியதுதான். டிரம் மட்டும் செங்கல் அடுக்கி, பலகை போட்டு, உயரத்தில் உட்கார்ந்திருக்கும். வாசலில் ஒன்று, உள்ளே அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் ஒன்று. தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும், அதுவும் விடிகிற நேரத்தில் கொஞ்சம். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் குழாயடியில் தமிழ், தெலுங்கு, மராத்தி, கன்னடம் என்று எல்லா மொழியிலும் சண்டை நடந்து முடியும். தண்ணீர் நின்றதும் எல்லாரும் பழையபடி சொந்தக்காரர்களாகி விடுவார்கள்.

அந்தச் சண்டைகளில் எங்கள் வீட்டின் சார்பாக நிற்பவள் அத்தை. அப்பாவின் ஒரே தங்கை. ஆரணிப் பக்கத்து ஊரில் பெற்றவர்கள் இருவரும் அடுத்தடுத்துப் போனபிறகு, ராணுவத்துக்குச் சாமான் செய்யும் தொழிற்சாலையில் வேலையாயிருந்த அப்பா அவளையும் புனேவுக்கு அழைத்துவந்துவிட்டார். முப்பத்தொரு வயதாகியும் அவளை அப்பா ‘பாப்பா’ என்றுதான் கூப்பிடுவார். பாப்பாவுக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று யாராவது கேட்டால் முதலில் ஜாதகம் காரணமாக இருந்தது. பிறகு அப்பாவின் கைச்சுருக்கம் காரணமாயிற்று. கடைசியில், இத்தனை நாள் ஆகவில்லை என்பதே ஆகாததற்குக் காரணமாகிவிட்டது.

அத்தை போசரியில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை பார்த்தாள். வண்டிகளுக்குள் ஓடும் மின்சாரக் கம்பிகளை நிறம் பார்த்துக் கத்தையாகச் சேர்த்து, ஒவ்வொரு முனையிலும் நெல்மணி அளவுப் பித்தளைத் துண்டை மாட்டும் வேலை. அங்கே ஆண்களை அந்த வேலையில் வைக்க மாட்டார்கள், விரல் பருமன் என்று சொல்லி. அத்தையின் விரல்கள் நீளமாக, மெலிந்து, எப்போதும் எதையாவது தேடுகிற மாதிரி அசைந்துகொண்டே இருக்கும். காலையில் எனக்குத் தலை பின்னும்போது கண்ணை மூடிக்கொண்டு பின்னுவாள். அவளுக்குத் தூக்கம் என்று நான் நினைத்திருந்தேன். பார்க்கத் தேவையில்லை என்பதால்தான் மூடியிருந்தாள்.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம், நான் ஐந்தாம் வகுப்பு. வைகாசி மாதம் நிக்டியிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை லேத் ஓட்டுபவர், கம்பெனியில் நிரந்தர வேலை. அவருக்கும் வயது ஏறித்தான் இருந்தது. தகப்பனார் இல்லை, அம்மாவும் மகனும் மட்டும். அந்த அம்மாவை நான் மனதுக்குள் நிக்டிம்மா என்று வைத்துக்கொண்டேன். பெண் பார்க்க வந்த அன்று அவர் எங்கள் அறைக்குள் குனிந்து நுழைந்து, சுற்றிலும் பார்க்காமல், நேரே அத்தையைப் பார்த்தார். அது அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அடுத்த வாரமே பூ வைத்தார்கள். அரக்கு நிறத்தில் ஒரு பட்டுப் புடவையைத் தட்டில் வைத்துக் கொடுத்து, அத்தையின் தலையில் தன் கையாலேயே மல்லிகையைச் செருகிவிட்டு நிக்டிம்மா சொன்னார்: “இனிமே என்னை அத்தைன்னு கூப்புடு.” என் அத்தைக்கு ஒரு அத்தையா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஆவணியில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள்.

பிறகு நாங்கள் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனோம். நிக்டியில் தெருக்கள் கோடு போட்டு வரைந்த மாதிரி இருந்தன. வீட்டுக்கு முன்னால் செடிகள், ஜன்னல் விளிம்பில் வரிசையாகக் கண்ணாடி பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் தெளிந்த தண்ணீரில் ஒரு மணிபிளான்ட் கொடி, அடியில் கலர் கூழாங்கற்கள். காபி தம்ளரைக் கழுவ அடுக்களைக்குள் போன அம்மா வெகுநேரம் வரவில்லை. நான் போய்ப் பார்த்தபோது குழாயைத் திறந்துவிட்டு அதன் கீழே கையை நீட்டியபடி நின்றுகொண்டிருந்தாள். திரும்பும் பஸ்ஸில் அப்பாவிடம், “மத்தியானத்துல தண்ணி வருதுங்க, தொறந்தா வருது” என்று மாப்பிள்ளையின் குணத்தைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள். அத்தை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். அதற்குப் பிறகு அப்பாவின் செல்போனுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு அழைப்பு வரும். அப்பா போனை அத்தையிடம் கொடுத்துவிட்டு, சிகரெட் பிடிக்காதவர், பெட்டிக்கடைவரை போய்வருவார்.

ஆடியில் மழை பிடித்துக்கொண்டது. மழை கொட்டினாலும் குழாயில் தண்ணீர் அதே ஒருநாள் விட்டு ஒருநாள்தான். ஒரு நாள் காலையில் மாநகராட்சியின் சுகாதார இலாகாவிலிருந்து ஒரு பெண் வந்தாள். பச்சைப் புடவை, தோளில் பை, கையில் டார்ச் லைட். ஒவ்வொரு டிரம்மாக மூடியைத் தூக்கி உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்தாள். எங்கள் டிரம்முக்குள் பார்த்துவிட்டு என்னையும் கூப்பிட்டுக் காட்டினாள். சுத்தமான தண்ணீரில் மயிரிழை மாதிரிச் சின்னச் சின்னப் புழுக்கள் நெளிந்து நெளிந்து மேலே வந்து, வெளிச்சம் பட்டதும் கீழே ஓடின. எனக்கு அவற்றைப் பிடித்திருந்தது. வாரம் ஒருமுறை டிரம்மைக் கவிழ்த்துத் தேய்த்துக் காயவைக்க வேண்டும் என்று அவள் மராத்தியில் சொன்னாள். பெண்களெல்லாம் அத்தையைப் பார்த்தார்கள். கம்பெனிப் பழக்கத்தில் எங்களில் நல்ல மராத்தி அவளுக்குத்தான்.

“ரோஜ் பாணி த்யா, தாயீ. மக் ரோஜ் ரிகாமா கர்தோ” என்றாள் அத்தை. தினம் தண்ணீர் விடுங்கள் அக்கா, தினமும் காலி செய்கிறோம் என்று அர்த்தம். சால் முழுக்கச் சிரித்தது. கோபித்துக்கொள்வாள் என்று நான் எதிர்பார்த்த அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டாள். எங்கள் வாசற்படியிலேயே உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டு, தன் வீட்டிலும் மூன்று டிரம் இருப்பதாகவும், அதில் ஒரு சொட்டுச் சிந்தினாலும் மாமியார் பிடித்துக்கொள்வாள் என்றும் சொன்னாள். அத்தை அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். போகும்போது அவள் ஒவ்வொரு டிரம்மிலும் கொஞ்சம் மருந்து விட்டுவிட்டுப் போனாள். குடிக்கிற தண்ணீரில் நாற்றம் வருகிறதென்று மறுமுறை தண்ணீர் வந்த அன்றே எல்லாரும் அதை அலசிக் கொட்டினார்கள். நாங்களும்தான்.

எதிர்ப்பக்கம் பாதியில் நின்றுபோன ஒரு பெரிய கட்டடம் இருந்தது. சிமென்டுத் தளங்களில் குளம் குளமாக மழைத் தண்ணீர். அந்தப் பெண் அங்கேயும் போய்க் கேட்டைத் தட்டினாள். முதலாளி இல்லை, திறக்க முடியாது என்று காவல்காரன் கம்பி இடுக்கு வழியாகவே சொல்லி அனுப்பிவிட்டான். அவள் மறுபடி வந்து தட்டியதை ஒருமுறை பார்த்தேன். அப்புறம் அவளைக் காணவில்லை.

காய்ச்சல் முதலில் கோடி வீட்டுத் தெலுங்குக்காரருக்கு வந்தது. பிறகு வரிசையாக, தபால் போடுகிற மாதிரி, வீட்டுக்கு வீடு வந்தது. எனக்கும் வந்து போயிற்று. குழந்தைகளுக்குக் காய்ச்சலோடு விட்டுவிட்டது. பெரியவர்களுக்குத்தான் மூட்டு மூட்டாகப் பிடித்துக்கொண்டது. டாக்டர் சொன்ன பெயரைச் சாலில் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். அப்பா அதற்குத் தமிழிலேயே பொருள் கண்டுபிடித்தார்: சிக்கன் சாப்பிட்டால் வரும், வந்தால் குனிய வைக்கும், ஆகவே சிக்கன்குனியா. கோழிக் கடைக்காரர் ஒரு மாதம் ஈ ஓட்டினார். அப்பா சிரித்துக்கொண்டே சொன்னதற்கு மறுநாள் அவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நாங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், இடுப்பில் கையை வைத்துக் குனிந்து நடக்கும் ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தோம். யார் நன்றாக முனகுகிறார்களோ அவர்கள் ஜெயித்தார்கள்.

எல்லாரும் காய்ச்சலில் படுத்தபிறகு கொசுப் புகை அடிக்கும் வண்டி வந்தது. முன்னால் ஒருவன் மூக்கில் துணி கட்டிக்கொண்டு குழலைத் தூக்கிப் பிடிக்க, வெள்ளைப் புகை சால் முழுவதையும் விழுங்கியது. நாங்கள் அதற்குள் ஓடி ஓடி ஒருவரையொருவர் தொலைத்து விளையாடினோம். வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டு இருமினார்கள். கொசுக்கள் கதவுக்கு எந்தப் பக்கம் இருந்தன என்று யாரும் யோசிக்கவில்லை.

அத்தைக்கு வந்ததுதான் ரொம்பக் கடுமை. காய்ச்சல் இறங்கியபின் அவள் கைவிரல்கள் வீங்கி, விரித்தபடியே நின்றுவிட்டன. அவளால் ஒரு ஊக்கைப் பிடிக்க முடியவில்லை. தம்ளரை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துத் தூக்கிக் குடிப்பாள். காலையில் எழுந்திருக்க முதலில் ஒருக்களித்து, பிறகு முழங்கையை ஊன்றி, பிறகு சுவரில் முதுகைத் தேய்த்தபடி நிமிர்வாள். அம்மாவுக்கும் மூட்டு வலி இருந்ததால் அத்தைக்கு நான்தான் சோறு பிசைந்து கொடுத்தேன், தலை பின்னினேன். என் பின்னல் கோணலாக இருந்தாலும், “நல்லா இருக்குடி, மாப்ள வூட்டுக்கும் உன்னையே கூட்டிம்போறன்” என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை தனியாக வந்தார். கையில் மாதுளம்பழப் பை. அப்பா எழுந்திருக்கப் பார்க்க, வேண்டாம் வேண்டாம் என்று அவசரமாகச் சொல்லிவிட்டு டிரம் ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்தார். அத்தை சுவரில் சாய்ந்து, கைகள் இரண்டையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். நான் ஒரு மாதுளையை உடைத்து முத்துகளைத் தட்டில் உதிர்த்து இருவருக்கும் நடுவில் வைத்தேன். அவர் எடுத்துக்கொண்டார். அத்தை எடுக்கவில்லை.

“எங்க கம்பெனிலயும் ரெண்டு பேருக்கு வந்திருக்கு. தானா போயிடுமாம். நீங்க கவலப்படாதீங்க” என்றார் மாப்பிள்ளை.

அத்தை தலையை ஆட்டினாள். அவர் செருப்பை மாட்டிக்கொள்ளும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். நல்ல மனிதர். இன்றுவரை எனக்கு அவர்மேல் கோபம் வந்ததில்லை. நல்ல மனிதர்களுக்கும் வீட்டில் பேசி ஜெயிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

சில நாள் கழித்து நிக்டிம்மா வந்தார், கூடவே அவர் பக்கத்துச் சொந்தக்காரப் பெண் ஒருத்தி. கல்யாணம் நெருங்குகிறதே என்று பேசத்தான் வந்தார்கள் என்று அப்பா நம்பினார். அம்மா அடுப்பைப் பற்றவைப்பதற்குள், வருங்கால மாமியாருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கக் கூடாதென்று நினைத்தாளோ என்னவோ, அத்தை எழுந்துவிட்டாள். டீ ஆனதும் கோப்பைகளைத் தட்டில் வைத்து, தட்டை மணிக்கட்டுகளின் மேல் தாங்கிக்கொண்டு வந்தாள். நான் பிடித்துக்கொள்ள ஓடினேன். கண்ணாலேயே என்னைத் தள்ளி நிறுத்தினாள். நிக்டிம்மாவுக்கு எதிரில் குனியும்போது தட்டு சரிந்தது. ஒரு கோப்பை உடைந்து டீ டிரம்மின் அடிவரை ஓடியது.

நிக்டிம்மா கடுமையாக ஒன்றும் சொல்லவில்லை. “பரவால்லம்மா, நீ உக்காரு” என்றார். அத்தையின் கையைத் தன் மடியில் இழுத்து வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்த முகமாகவே இருந்தாள். பெண் பார்க்க வந்தபோது சுற்றிலும் பார்க்காதவர், இந்த முறை பார்த்தார். டிரம்மை, வாசலில் தேங்கியிருந்த சாக்கடையை, எதிர்க் கட்டடத்தை. கூட வந்த பெண் எங்கள் காதில் விழாதென்று நினைத்து, “வாதம் மாதிரி இருக்குது. இது ஒரு பொறப்போட போவாது” என்றாள். நிக்டிம்மா அப்பாவிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: “இவ்ளோ தண்ணிய ஏன் சேத்து வெக்கறீங்க?” அப்பா டிரம்மின் மூடியை நகர்த்தி வைத்தார். குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் வீட்டில் இருப்பவரிடம் காரணத்தை எப்படிச் சொல்வது?

அதன் பிறகு செல்போன் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒலிக்கவில்லை. ஒரு வாரநாளில் ஒலித்தது. இரண்டு வீட்டுக்கும் பொதுவான உறவுக்காரர் ஒருவர் பேசினார். அப்பா ம், ம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போதைக்கு வேண்டாம், உடம்பு தேறட்டும், பிறகு பார்க்கலாம் என்று அவர்கள் சொன்னார்களாம். பிறகு என்பது வரவே வராது என்று பெரியவர்களுக்கெல்லாம் தெரிந்திருந்தது. நான் மட்டும் பிறகு எப்போது என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

வேலையும் போயிற்று. கான்ட்ராக்ட் வேலைக்கு அத்தனை நாள் காத்திருக்க மாட்டார்கள்; அத்தை உட்கார்ந்த பலகையில் வேறொரு பெண்ணை உட்காரவைத்துவிட்டார்கள். ஒரு நாள் வலியும் வேலையும் சேர்ந்து அம்மாவை அழுத்திய நேரம், பாத்திரத்தைத் தடாலென்று போட்டு, “மருந்து வுட வந்தவளோட அன்னிக்கு வாயாடினயே, இப்ப என்னா ஆச்சு பாரு” என்று கத்திவிட்டாள். சற்று நேரத்தில் அம்மாவே வந்து அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, வெந்நீரில் துணியைப் பிழிந்து அவள் கைகளில் சுற்றிவிட்டாள். அந்த மருந்தை அலசிக் கொட்டியது அம்மாதான் என்பது எனக்கு நினைவிருந்தது. அதை அப்போது சொல்லக் கூடாதென்று எப்படியோ தெரிந்திருந்தது.

தசரா முடிந்ததும் செய்தி வந்தது: மாப்பிள்ளைக்குச் சின்ச்வடில் ஒரு பெண்ணை நிச்சயம் செய்துவிட்டார்கள். அரக்குப் புடவை எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டிக்குள் இருந்தது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றார் அப்பா. ஆனால் போக அவருக்கு மனம் வரவில்லை. தபாலிலா அனுப்புவது என்று அம்மா கேட்டாள். “நானே குடுத்துட்டு வர்றன்” என்றாள் அத்தை. அப்பா பார்த்த பார்வையில் பயம் இருந்தது. “சண்ட போட மாட்டண்ணா. குடுத்துட்டு வந்துடறன்” என்று சொல்லிவிட்டு, பையை மாட்டிக்கொள்ள விரல் வளையாததால் என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள்.

நிக்டி வீட்டுக் கதவு சாத்தாமல் வெறுமனே ஒட்டியிருந்தது. கூப்பிட்டதற்கு உள்ளேயிருந்து ஒரு முனகல்தான் வந்தது. நிக்டிம்மா கட்டிலில் கிடந்தார். முகம் வற்றி, முடி கலைந்து, போர்வைக்கு வெளியே இரண்டு கைகளும் வீங்கி விரித்தபடி இருந்தன. அந்தக் கைகளைப் பார்த்ததுமே எனக்கு என்னவென்று தெரிந்துவிட்டது. மகன் முதல் ஷிப்டுக்குப் போயிருந்தார். தலைமாட்டில் தம்ளரில் தண்ணீர் இருந்தது. எட்டும் தூரத்தில்தான் இருந்தது. எடுக்க முடியவில்லை.

எங்களைப் பார்த்ததும் அவர் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் கண்ணை மூடிக்கொண்டார்.

“எப்பலேர்ந்தும்மா?” என்று கேட்டாள் அத்தை. அத்தை என்று கூப்பிடச் சொன்னவரை அவள் அம்மா என்று கூப்பிட்டதை நான் கவனித்தேன். பழக்கம் விட்டுப்போயிற்று போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் கட்டிலில் உட்கார்ந்து, முழங்கையை அவர் கழுத்துக்கடியில் கொடுத்துத் தலையைத் தூக்கி, தம்ளரைத் தன் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் பிடித்து அவர் வாயில் வைத்தாள். பாதி சிந்தியது. அவர் குடித்தார். பிறகு எனக்குச் சொல்லிச் சொல்லி அடுக்களையில் கஞ்சி வைக்கவைத்தாள். வெந்நீர் போடச் சொன்னாள். அரிசி வேகும்வரை நான் ஜன்னல் பக்கம் நின்று மணிபிளான்ட் பாட்டில்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூழாங்கற்களுக்கு மேலே, தெளிந்த தண்ணீரில், மயிரிழை மாதிரிப் புழுக்கள் நெளிந்து நெளிந்து மேலே வந்துகொண்டிருந்தன.

“அத்தே, இங்கயும்...” என்று நான் ஆரம்பித்தேன். அத்தை வந்து பார்த்தாள். உடனே அவள் மடங்காத கை என் வாயைப் பொத்தியது. ஒவ்வொரு பாட்டிலாக என்னை எடுக்கச் சொல்லி, பின்வாசலில், வெயிலில் காய்ந்த மண்ணில் கொட்டவைத்தாள். பாட்டில்களைக் கழுவி, புதுத் தண்ணீர் பிடித்து, கொடிகளை மறுபடி வைத்தோம். குழாயைத் திறந்ததும் தண்ணீர் வந்தது. உள்ளேயிருந்து நிக்டிம்மா, என்ன சத்தம் என்று கேட்டார். “செடிக்குத் தண்ணி மாத்தறம்மா” என்றாள் அத்தை.

அந்தப் புழுக்களிலிருந்து வந்து காய்ச்சலைப் பரப்பும் கொசு சாக்கடைப் பக்கமே அவ்வளவாகப் போகாது, நல்ல தண்ணீரைத்தான் தேடும், பகலில்தான் கடிக்கும் என்பதையெல்லாம் நான் பல வருஷம் கழித்துக் கல்லூரியில் படித்தேன். அதற்குத் தாபோடி என்றும் நிக்டி என்றும் தெரியாது. அன்று எனக்கு இருந்தது ஒரே ஏமாற்றம்தான். “இவ்ளோ தண்ணிய ஏன் சேத்து வெக்கறீங்க?” என்று அப்பாவைக் கேட்டவரிடம் அந்தப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டுபோய்க் காட்டியிருக்கலாம். எவ்வளவு நல்ல சந்தர்ப்பம். அத்தைக்கு அது தோன்றவில்லையே என்று நினைத்தேன்.

கஞ்சி குடித்தபின் நிக்டிம்மா அத்தையின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்த வெரலு எப்பம்மா மடங்கும்?”

“ஒரு பத்து நாள்ல மடங்கிடும்மா. எனக்கு மடங்கிடுச்சு பாருங்க” என்று அத்தை சிரித்துக்கொண்டே கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். நான் அவளை நிமிர்ந்து பார்த்தேன். பொய் சொன்னால் வாயில் புண் வரும் என்று என்னைப் பயமுறுத்துகிறவள் அவள்.

பையிலிருந்து புடவையை எடுக்கச் சொன்னாள். அதைப் பார்த்ததும் நிக்டிம்மாவின் முகம் என்னவோ போலாயிற்று. “அது உனக்கு எடுத்ததும்மா. நீயே கட்டிக்க” என்றார். “இருக்கட்டும்மா. வர்ற பொண்ணுக்கு ஆவும்” என்று சொல்லி, அத்தை அதை அலமாரியில் மற்ற துணிகளுக்கு நடுவில் வைக்கச் செய்தாள். பிறகு போர்வையை முழங்கையால் இழுத்து அவருக்குப் போர்த்திவிட்டாள். நிக்டிம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழ ஆரம்பித்தார். தோள் குலுங்கியது. அத்தை கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, கதவை முன்பு இருந்தபடியே ஒட்டிவைத்துவிட்டு வெளியே வந்தாள்.

அத்தையின் விரல்கள் மடங்க அடுத்த பொங்கல் தாண்டிற்று. பிறகு வேறொரு கம்பெனியில் அதே வேலைக்குப் போனாள். இப்போது அங்கே புதிதாக வரும் பெண்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பவள் அவள்தான். கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்பதை எல்லாரும் எப்போதோ நிறுத்திவிட்டார்கள். சாலில் தண்ணீர் தினமும் வர ஆரம்பித்தது வெகுகாலம் கழித்து. அப்போதும் அம்மா டிரம்மை எடுக்கவில்லை. அதன் வாயில் துணி கட்டி, மேலே மூடி வைத்து, அதற்குமேல் ஒரு கல்லையும் வைத்தாள்.

அன்று நிக்டியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் கூட்டமில்லை. அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பிம்ப்ரி தாண்டும்வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிய ஆரம்பித்தது. துடைக்க விரல்கள் ஒத்துழைக்காததால் புறங்கையால் தேய்த்துக்கொண்டாள். மறுபடி வழிந்தது. எனக்கு அதில் ஒன்றும் ஆச்சரியமாயில்லை. அந்த மழைக்காலத்தில் பெரியவர்கள் அழுவதை நான் நிறையப் பார்த்திருந்தேன். அப்பா படியிறங்கும்போது அழுதார், அம்மா மாவரைக்கும்போது அழுதாள், சற்றுமுன் நிக்டிம்மா சுவரைப் பார்த்து அழுதார். எல்லாம் அந்த மூட்டு வலிதான்.

“முட்டி வலிக்குதா அத்தே?”

அவள் என்னைப் பார்த்தாள். “ஆமாண்டி” என்றாள்.

நான் சீட்டிலிருந்து இறங்கி, ஓடும் பஸ்ஸில் அவள் காலடியில் குந்தி உட்கார்ந்து, இரண்டு கையாலும் அவள் முழங்காலைப் பிடித்து, அம்மாவுக்கு அமுக்குகிற மாதிரியே அமுக்கிவிட்டேன். காசர்வாடி வந்தபோது, இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“இன்னும் கொஞ்சம் அமுக்குடி” என்றாள். தாபோடி வரும்வரை அமுக்கிக்கொண்டே வந்தேன்.